ரேடியோவில் ‘மேலே’ என்று ஒரு இடம் இல்லை

தமிழ்நாட்டு வரலாற்றுப் பேராசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கோத்தகிரியிலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக் எழுதும் திறந்த மடல்

வணக்கம்.

வரலாற்றை ரேடியோவில் எங்களுக்குப் புரிகிற தமிழில் பேச வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சில வருடங்களுக்கு முன் ஒரு சுதந்திர தினத்தன்று என் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு செட்டை ரிப்பேர் முடித்து ஓடவிட்டிருந்தேன். அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் நான் எந்த செட்டையும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதில் உங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். யார், எந்த நிலையம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். விஷயம் தெரிந்தவர் என்று குரலே சொன்னது. எழுதிவைத்ததை அப்படியே வாசிக்கிறார் என்பதையும் அதே குரல் சொன்னது.

செட்டை வாங்கிப்போக வந்த பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பேராசிரியர் ‘மேலே கூறியவாறு’ என்றார். பெரியவர் நிமிர்ந்து கடையின் தகரக் கூரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“மேலயா? மேல எங்க தம்பி?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்து ‘முன்னது’, ‘பின்னது’ என்று இரண்டு வந்தன. எது முன்னது என்று எனக்கே பிடிபடவில்லை. பெரியவர் இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டுக்கு மாத்து தம்பி” என்றார். மாற்றினேன்.

சொல்லத் தெரிந்தவர் ஒருவர், கேட்க ஆசைப்பட்டவர் ஒருவர். செட்டும் பழுதில்லாமல்தான் ஓடியது. அப்படியும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. முப்பது வருடமாக ரேடியோ பழுது பார்ப்பவன் என்பதால், பழுது எங்கே என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். 1973இல், எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, ஃபேமிலி கார்டும் கையுமாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். தகர டிரங்குப் பெட்டிக்குள் அம்மாவின் சேலையில் சுற்றி அப்பா ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே அதைத்தான் பற்றவைத்தார்.

இலங்கை வானொலியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மயில்வாகனனார், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்களுக்குத் தமிழ்நாடே அடிமையாக இருந்த காலம். ஊரே பாட்டுக்காகக் கேட்டது. எங்கள் அம்மாயி மரண அறிவித்தலுக்காகக் கேட்டாள். கொழும்பிலிருந்து காலமானவர்களின் பெயர், ஊர், உறவு எல்லாம் வரிசையாக வாசிப்பார்கள். ‘அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு சகோதரியும்...’ என்று போகும். அம்மாயி தினமும் செட்டுக்குப் பக்கத்தில் வெற்றிலையை மடித்தபடி உட்கார்ந்திருப்பாள். இலங்கையிலேயே தங்கிவிட்ட அவள் தங்கச்சி இறந்த செய்தி ஒருநாள் அப்படித்தான் வந்தது. தங்கச்சி மகன் வாத்தியார் என்பதால் காசு கட்டி அறிவித்தல் கொடுத்திருந்தார். அவர் போட்ட கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. அதற்குள் இங்கே கருமாதிக்கு நாள் பார்த்துவிட்டார்கள்.

ரேடியோ எங்கள் வீட்டுக்குள் வந்தது இப்படி. அதனால்தான் உங்களிடம் இத்தனை உரிமையோடு பேசுகிறேன்.

நாங்கள் ஏன் வந்தோம் என்பதை அந்த செட் ஒருநாளும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஒப்பந்தம்’ என்ற ஒரு சொல். யாரோ போட்டார்கள், நம் பெயர் வந்தது, கிளம்பினோம். முழுக் கணக்கும் எனக்கே ஐம்பது வயதில்தான் தெரிந்தது, நூலகத்தில் தற்செயலாகப் புரட்டிய ஒரு புத்தகத்தில். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற வருடமே வந்த குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத்துச் சனத்தில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட முடியவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. தலைமன்னார்க் கப்பல் அதுவரை வந்து நின்றது அங்கேதான். நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கியதற்குக் காரணம் அது. இங்கே எங்களைக் குடியேற்றி வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறை தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. பிற்பாடு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது அதுதான்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நம்மள யாரு கேட்டாங்க?”

இது நாட்டு வரலாறா, வீட்டு வரலாறா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. ஒரு முறை ஓர் ஆராய்ச்சி மாணவர் எங்கள் லைனுக்கு வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். இரண்டு நாள் தங்கி அப்பாவின் பேச்சை மூன்று மணி நேரம் பதிவு செய்துகொண்டு போனார். ஆய்வேடு ஆங்கிலத்தில் முடிந்தது, டாக்டர் பட்டமும் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். சந்தோஷம். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவர் குரல் எந்த டப்பாவில் கிடக்கிறதோ. ஒலிபரப்பும் தரத்தில் பதிவான மூன்று மணி நேரம் என்றால் கால் மணி நேர நிகழ்ச்சி பன்னிரண்டு. எனக்குக் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது, தொழில் புத்தி.

காந்தி டெல்லி வானொலி நிலையத்துக்குள் போனது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். பிரிவினையில் எல்லை தாண்டி வந்து குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளிடம் நேரில் போக முடியாததால், மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். அந்த நாளைத்தான் இப்போது பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். முகாமில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவதற்கு ரேடியோ என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மண்டபம் முகாமில் எங்களிடம் அப்படி யாரும் பேசவில்லை. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

‘நாங்கள் ஆய்வாளர்கள், ரேடியோவில் பேசுவது எங்கள் வேலையா’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அயர்லாந்துக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. அங்கே 1953இல் நாட்டு வானொலியில் தாமஸ் டேவிஸ் உரைகள் என்று ஒரு வரிசையைத் தொடங்கினார்கள். தாமஸ் டேவிஸ் 19ஆம் நூற்றாண்டின் தேசியவாதி, எழுத்தாளர். உரை ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பேசியவர்களில் பலர் பல்கலைக்கழகத்துச் சரித்திரக்காரர்கள். முன்னின்று நடத்திய மூடி என்பவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர். 1938இல் ஆய்வாளர்களுக்கென்றே ஒரு சரித்திர இதழை இன்னொருவரோடு சேர்ந்து ஆரம்பித்தவரும் அவர்தான். ஆய்விதழ் நடத்தியவரே மைக்குக்கும் வந்தார் என்பதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அது எந்த மாதிரி நாடு என்றும் பாருங்கள். பிரிட்டனிடமிருந்து பிரிந்து வந்து, உடனே 1922–23இல் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்ட நாடு. அந்தச் சண்டையில் எதிரெதிரே நின்றவர்கள் 1953இல் ஒரே தெருவில் கிழவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் வீட்டில் அவரவர் சரித்திரம். அந்தச் சமையலறைக்குள் போய், ஆவணம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பேசத் துணிச்சல் வேண்டும். அந்த உரைகள் பிற்பாடு சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் வந்தன. முதலில் காதுக்கு, அப்புறம் அச்சுக்கு. நம் ஊரில் இது தலைகீழ், அச்சோடு கதை முடிந்துவிடுகிறது.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. அகில இந்திய வானொலியின் சர்தார் படேல் நினைவுச் சொற்பொழிவுகளை 1955இல் தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜிதான். 1968இல் வானொலியே கூட்டிய ஒரு கருத்தரங்கில் வரலாற்றாசிரியர்கள் ரொமிலா தாப்பர், ஹர்பன்ஸ் முகியா, பிபன் சந்திரா மூவரும் சரித்திரத்தில் மதவாதம் எப்படிப் புகுந்தது என்று பேசினார்கள். அடுத்த வருடமே அது சின்னப் புத்தகமாக வந்து நாடு முழுக்கப் பேச்சானது. 1972இல் படேல் சொற்பொழிவை ரொமிலா தாப்பரே நடத்தினார். பெரிய விஷயம்தான், ஆனால் ஆங்கிலம். டெல்லிக்காரரும் கல்லூரிக்காரரும் கேட்டிருப்பார்கள். எங்கள் லைனில் யார் கேட்டிருக்க முடியும்?

2010இல் பிபிசி, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துப் பொருள்கள் நூறை எடுத்து, பொருளுக்குக் கால் மணி நேரம் வீதம் உலக வரலாற்றையே சொன்னது. கண்ணால் பார்க்க வேண்டிய பொருளைக் காதுக்குக் காட்டிய தைரியத்தை நான் ரசிக்கிறேன். பிறகு வரலாற்று எழுத்தாளர் சுனில் கில்னானி ஐம்பது இந்தியர்களைப் பற்றி அதே பிபிசியில் பேசினார். ராஜராஜ சோழனும் வ.உ.சி.யும் பெரியாரும் அதில் இருந்தார்கள். வ.உ.சி.யின் கப்பலைப் பற்றி லண்டனிலிருந்து ஆங்கிலத்தில் கேட்க முடிகிறது. தூத்துக்குடிக்காரருக்குத் தமிழில் இப்படி ஒரு வரிசை எப்போது வரும்?

இங்கே என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் அந்தப் பக்கம் நிழல் விழும். கோயம்புத்தூர்ச் சமவெளியைப் பார்த்த சரிவில் கோவை நிலையங்கள் கணீரென்று கேட்கும். அதே ரோட்டில் நான்கு வளைவு உள்ளே போனால் வெறும் இரைச்சல். செட் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். செட்டில் ஒன்றும் இருக்காது, வீடு நிழலில் இருக்கும். மீடியம் வேவ் அப்படியில்லை, கொஞ்சம் வளைந்து நெளிந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். கொழும்பு சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி எங்கள் மடியிலேயே வந்து விழுந்தது. நிழலில் இருப்பவனுக்கு எந்த அலைவரிசை எட்டும் என்று யோசித்து அனுப்புவது அனுப்புகிறவர் பொறுப்பு.

சென்னையிலோ டெல்லியிலோ நின்று சொல்லும் நாட்டு வரலாற்றில் நாங்கள் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீலகிரி என்றால் ஜான் சல்லிவன், 1819, அப்புறம் ரயில். சல்லிவன் பங்களா எங்கள் கன்னேரிமுக்கில்தான் இருக்கிறது, நானும் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் அவர் வந்தபோது மலை காலியாக இருந்த மாதிரி ஒரு பேச்சு. கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். தோடர்கள் எருமை வளர்த்தார்கள். படகர்கள் உழுதார்கள். குறும்பர்களும் இருளர்களும் காட்டை அறிந்தவர்கள். இவர்களுக்குள் தானியம், நெய், கத்தி, தேன் என்று கொடுக்கல் வாங்கல் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கிறது. 1870 முதல் கோடை மாதங்களில் சென்னை மாகாணத்தையே உதகையில் உட்கார்ந்து ஆண்டார்கள். அப்படியென்றால் திருநெல்வேலியிலிருந்து ஒரிசா ஓரம் வரைக்கும் எத்தனை கோப்பு இந்த மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கும்? தூக்கியவர் யார்? நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்கான கொய்னா மரத் தோட்டங்களில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். 1965இல் காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவைக் கைது செய்து முதலில் உதகையிலும் பிறகு பழனி மலையில் கொடைக்கானலிலும் காவலில் வைத்தார்கள். காஷ்மீர் சரித்திரத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் நம் மலைகளில் ஓடியிருக்கிறது. இதைச் சொன்னால் கடைக்கு வரும் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் வாட்ஸாப்பில் வருவதை நம்புகிறார்கள். இன்ன கோயில் பத்தாயிரம் வருஷம், இன்ன ராஜா ஆகாயத்தில் பறந்தான், இன்ன சாதிதான் மலைக்கு முதலில் வந்தது. இந்த மூன்றாவது வகைதான் எனக்குப் பயம். இங்கே ஆறேழு வகைச் சனம் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்குகிறோம். ‘யார் முதலில் வந்தது’ என்பது எங்களுக்குச் சும்மா பொழுதுபோக்குக் கேள்வி கிடையாது. எங்களைப் பார்த்து இன்னும் ‘சிலோன்காரங்க’ என்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் தாத்தா திருச்சிப் பக்கமிருந்து போனவர். நீங்கள் வாய் திறக்காத இடத்தில் வாட்ஸாப் ஃபார்வேர்டு பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு எழுதி வாசிக்கும் பழக்கமும் இல்லை, ‘மேலே கூறியவாறு’வும் இல்லை. மக்கள் மொழியில் நேராக விஷயத்துக்கு வருகிறது, பொய்யாக இருந்தாலும்.

ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள் என்பீர்கள். கொடைக்கானல் உச்சியிலிருந்து 100.5இல் கோடை பண்பலை பேசினால் கீழே மதுரை, திண்டுக்கல், தேனி என்று எத்தனை டீக்கடையில் கேட்கிறது என்று ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். உதகையிலும் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் போய், போன் செத்துக் கிடக்கும்போது எங்களுக்கு இரண்டு கட்டை பேட்டரி போட்ட செட்தான் துணை. லாரி டிரைவர், தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், கேரட் கழுவுகிறவர், சமைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் கண் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதைத்தான் கேட்கிறேன். தனியார் எஃப்எம்மில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது என்று விதி உண்டு. சரித்திரம் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வருவதாக இருந்தால் சில விஷயம். கால் மணி நேரம் போதும். மாலை ஆறரையிலிருந்து ஏழுக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் சீரியல். ஒரு நிகழ்ச்சியில் 1948, 1964 என்கிற மாதிரி வருட எண் மூன்றுக்கு மேல் சொன்னால் நான்காவது யாருக்கும் நிற்காது. (இந்த மடலில் நானே பதினைந்துக்கு மேல் சொல்லிவிட்டேன், ஆனால் இது காகிதம், திருப்பிப் பார்க்கலாம்.) உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள், ஒரு கடிதத்தில் பார்த்தேன், ஒரு கல்வெட்டில் இருக்கிறது, ஒரு கிழவி சொன்னாள் என்று. ரேடியோவில் அடிக்குறிப்பு போட முடியாது என்பதால் அதை வாயால்தான் போட வேண்டும். சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். நீங்கள் அப்படிச் சொன்னால் சனம் உங்களை மட்டமாக நினைக்காது. ஃபார்வேர்டு ஒருநாளும் அப்படிச் சொல்லாததால், வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

படகர் ஒருவர், கோத்தர் ஒருவர், தோட்டத்து அக்கா ஒருவர் பக்கத்து மைக்கில் இருக்கட்டும். நீங்கள் பாதி பேசினால் அவர்கள் பாதி பேசுவார்கள். அவர்கள் சொல்வது தப்பாக இருந்தால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம். அடுத்த வாரம் நேயர் கடிதத்தில் உங்களையும் மறுப்போம்.

எந்த உரையையும் பதிவு செய்வதற்கு முன் ஒரு முறை என் கடைக்கு வந்து வாசித்துக் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஸ்டூலில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கூரையைப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்துக்கொள்வோம்.

கடை அலமாரியில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராத செட் பதினொன்று இருக்கிறது. சிலவற்றின் சொந்தக்காரர் இறந்துவிட்டார்கள், சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நான்குக்கு டயல் கயிறு மாற்றினால் போதும், இரண்டுக்கு ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. உங்கள் நிகழ்ச்சி எந்த மாதம் தொடங்கும் என்று ஒரு வரி எழுதிப் போட்டால், அதற்குள் எல்லாவற்றையும் சரி செய்து நான்கு லைனுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். பேட்டரி என் செலவு.

இப்படிக்கு,
கோத்தகிரி பஜார் ரேடியோ மெக்கானிக்